பூச்சற்ற சுவர்கள்

கல்விச் சங்கம் ஒன்று தோன்றியவுடன் அதன்முன் வந்து நிற்கும் முதல் வினா, எதைக் கற்பிப்பது என்பதன்று; பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்பதே. மரத்தடியிலும் மாதாகோயில் தாழ்வாரத்திலும் எழுத்தறிவித்த முன்னோர்களை நம்முள் மூத்தோர் நன்கறிவர். டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1945-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1950-இல் ஔரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியைக் கண்டார். இடமும் கட்டடமும் தேடுவது இத்தகைய பணிகளில் பெரும் பகுதியாகவே அமைந்துவிடுகிறது. நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுக் கணக்கேடுகளைப் புரட்டுவோர்க்கும் இது விளங்கும். செங்கல், சிமெண்டு, மின்கட்டணம் என்னும் மூன்று சொற்கள் பக்கந்தோறும் வருகின்றன. ஆகவே வெள்ளிவிழா மலரில் வரலாற்று ஆசிரியராகிய நாம் கட்டடத்தைப் பற்றி எழுதப் புகுந்ததை அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

உயர்கல்வி நிலையங்களின் கட்டடங்கள் இயற்கை வளத்தை வீணாக்காமலும், பின்வரும் தலைமுறையின் தோளில் செலவுச் சுமையை ஏற்றாமலும் அமைதல் வேண்டும் என்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அதற்கெனத் தனிப் பொறியியலும் பாடத்திட்டமும் தோன்றிவிட்டன; சான்றிதழ்கூட வழங்குகிறார்கள். ஆயின் இச்சொற்கள் புழக்கத்திற்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, நமக்கு அண்மையில், திருவனந்தபுரத்து உள்ளூரில் ஒரு குன்றின் சரிவில், ஓர் உயர்கல்வி நிலையம் முழுவதும் இக்கொள்கைப்படி கட்டி எழுப்பப்பட்டது. அதன் வரலாற்றையும், அது நம் போன்றோர் உள்ளத்தில் எழுப்பும் ஐயத்தையும் ஈண்டு நோக்குவோம்.

முதலில் சிறிது பின்னோக்கிச் செல்வது நலம். சென்னைப் பல்கலைக் கழகம் 1857-இல் தோன்றியது. சேப்பாக்கத்தில் கடலை நோக்கி நிற்கும் அதன் செனட் மாளிகையை ராபர்ட் சிசோம் என்பார் வரைந்தார். 1874-இல் தொடங்கிய வேலை 1879-இல் நிறைவுற்றது. மின்விசிறியை இந்நகரம் கண்டிராத காலம் அது. தடித்த செங்கற்சுவர், உயர்ந்த கூரை, வெயிலைத் தடுக்கும் தாழ்வாரம் ஆகியன இல்லையேல் சித்திரை மாதத்தில் உள்ளே மனிதர் அமர இயலாது. ஆகையால் அக்காலத்துக் கட்டடக்காரர் காற்றையும் நிழலையும் கணக்கிட்டே கட்டினர். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. மாடிக்கு மதராஸ் தளம் போடுவர். தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திப் பரப்பி, அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். அப்பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தனர் என்று இம்மலரின் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அக்காலத்தில் பட்டம் பெற்றோரின் பெயர்கள் பதிவேடுகளில் உள்ளன. தளம் அடித்தோரின் பெயர்கள் எங்கும் இல்லை.

பின்னர்ச் சிமெண்டு வந்தது. 1904-ஆம் ஆண்டளவில் சென்னையிலேயே அதனை உற்பத்தி செய்ய ஒரு முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய தொழிற்சாலையே இந்தியச் சிமெண்டுத் தொழிலுக்கு அடிகோலியது. விடுதலைக்குப் பின் கல்லூரிகள் பெருகியபோது, கம்பியும் சிமெண்டும் சேர்ந்த கான்கிரீட்டே முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. விரைவாகக் கட்டலாம், மாடிமேல் மாடி எழுப்பலாம் என்பது உண்மையே. ஆயின் மெல்லிய கான்கிரீட்டுத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மாலையில் அதனை உள்ளே கக்குகிறது. அதைத் தணிக்க மின்விசிறி; விசிறி போதாதென்று குளிர்சாதனம்; அதன்பின் மாதந்தோறும் மின்கட்டணம். கட்டுவதற்கு அரசு மானியம் தரும். கட்டணத்திற்கு எவரும் தாரார். இதனை நிர்வாகப் பொறுப்பில் இருந்தோர் நன்குணர்வர்.

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு கல்நார்த் தகட்டுக் கூரையின்கீழ் நடந்தது. பங்குனி மாதத்துப் பிற்பகல்களில் பிள்ளைகள் வரலாற்றுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருப்பர். புத்தகம் அதற்கேனும் பயன்பட்டதே என்று நாம் சிரித்துக்கொள்வதுண்டு. அக்கூரையைத் தேர்ந்தவர் எவரும் அதன்கீழ் ஒரு பிற்பகல் உட்கார்ந்தவர் அல்லர்.

1970-களில் சிமெண்டு கிடைப்பதே அரிதாயிருந்தது. பெர்மிட்டுக்காகத் தாலுக்கா அலுவலகத்தில் காத்துக் கிடந்த தந்தையரைப் பற்றி இன்று ஐம்பதைக் கடந்த பலரும் கதை சொல்வர். 1982-இல்தான் அக்கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. இடையே 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் மேற்காசியப் போர் மூண்டு, சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எரிபொருளை இறைத்துக் கட்டடங்களை இயக்குவது என்றைக்கும் நடவாது என்று மேலைநாட்டுப் பொறியாளர் எண்ணத் தொடங்கியது அப்போதுதான். திருவனந்தபுரத்துக் குன்றிலோ, அதற்கு முன்னரே வேலை தொடங்கிவிட்டது.

அந்நிலையத்தின் பெயர் வளர்ச்சி ஆய்வு மையம். பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் அவர்களின் முயற்சியாலும், அன்றைய கேரள முதலமைச்சர் சி. அச்சுத மேனன் அவர்களின் ஆதரவாலும் 1971-இல் அது செயற்படத் தொடங்கிற்று. ராஜ் அவர்கள் இளமையிலேயே முதல் ஐந்தாண்டுத் திட்ட வரைவில் பங்கு கொண்டவர். டில்லிப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். பொருளியலில் ஆய்வுப் பட்டம் வழங்கும் அளவில் அம்மையம் வளர்ந்தது. பத்து ஏக்கர் அளவான அவ்வளாகத்திற்குக் கட்டடங்கள் அமைக்கும் பொறுப்பு லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பேக்கரின் வாழ்க்கையைச் சிறிது கூறாவிடின் அவர் கட்டடம் விளங்காது. 1917-இல் பர்மிங்ஹாம் நகரில் பிறந்து கட்டடக்கலை பயின்றவர் அவர். போரை ஏற்காத குவேக்கர் சமயத்தைச் சார்ந்தவராதலின், இரண்டாம் உலகப் போரின்போது படையிற் சேராமல் மருத்துவ உதவிக் குழுவுடன் சீனத்திற்குச் சென்றார். தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருள்கள் யாவும் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து கல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்பது காந்தியடிகளிடம் தாம் பெற்ற கருத்து என்று பேக்கர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியதுண்டு. 1945-இல் மீண்டும் இந்தியா வந்து, தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணியை ஏற்றார். ஊரார் தீண்ட அஞ்சி ஒதுக்கியவர்களுக்குக் கட்டியதே இந்நாட்டில் அவருடைய முதல் வேலை என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். கேரளத்து மருத்துவர் எலிசபெத் ஜேக்கப் அவர்களை 1948-இல் மணந்து, இமயமலைச் சாரலிலுள்ள பித்தோராகரில் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். கல்லையும் மண்ணையும் கையாளும் முறையைத் தாம் கற்ற கல்லூரியினும் அம்மலைவாழ் மக்களிடமே மிகுதியாகக் கற்றதாக அவர் கூறுவார். 1963-இல் கேரளம் வந்தார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மறைந்தார்.

இனி அவ்வளாகத்துள் புகுவோம். ஆசிரியப் பயிற்சி முகாம் ஒன்றிற்காகத் திருவனந்தபுரம் சென்றிருந்தபோது இதனைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நுழைந்தவுடன் எவருக்கும் தோன்றுவது, வேலை முடியவில்லை போலும் என்பதே. சுவர்களில் பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. செங்கல் செங்கல்லாகவே நிற்கிறது. சிறிது நேரம் நடந்த பின்னரே, முடியாத வேலையில் இத்தனை நேர்த்தியான இணைப்பு இராது என்பது கண்ணுக்குப் புலனாகிறது. குன்றைச் சமன்படுத்தாமல், சரிவு சென்ற வழியே கட்டடங்கள் வளைந்து இறங்குகின்றன. நடுவே ஏழடுக்கு நூலகம் உயர்ந்து நிற்கிறது. மரங்களுக்கு இடம் விட்டுச் சுவர்கள் வளைகின்றன. குன்றை வெட்டிச் சமதரை ஆக்கினால் தளம் போடுவது எளிது. ஆயின் ஆண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊரில், வெட்டிய மண் ஒவ்வொரு பருவ மழைக்கும் கரைந்து ஓடும். அதைத் தடுக்கச் சுவர், அச்சுவர்க்குச் செலவு. நிலத்தின் போக்கிலேயே கட்டியதால் அச்செலவு நேரவில்லை.

சுவரின் உள்ளமைப்பைக் கொத்து வேலை அறிந்தவர்கள் நம் சமூகத்தில் பலர் உள்ளமையால் சற்று விரிவாகவே கூறுவோம். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல் படுக்கையாக வைக்கப்படும். சுவர் முழுவதும் செங்கல்லும் சாந்தும் நிறைந்திருக்கும். பேக்கர் பெரிதும் கையாண்டது கொத்தனார்கள் ‘ரேட் டிராப்’ என்று கூறும் எலிப்பொறிக் கட்டு. இதில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துவர். வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று. இரண்டிற்கும் இடையே மூன்று அங்குலம் அளவான வெற்றிடம். அவ்விரண்டையும் இணைக்க இடையிடையே குறுக்காக ஒரு கல். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலமே. செங்கல்லோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது, சாந்தும் குறைகிறது. இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வெளிச்சுவர் சுட்டாலும் உட்சுவர் அவ்வளவு சுடுவதில்லை. இது பேக்கரின் கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் முன்னர் வழங்கிய முறையே. அதனை நம் வெயிலுக்குப் பொருத்தியது அவர் செயல்.

அடுத்தது சல்லடைச் சுவர். வடநாட்டார் ஜாலி என்பர். செங்கற்களுக்கு இடையே ஒழுங்காக இடைவெளி விட்டுக் கட்டினால் சுவரே சாளரமாகிவிடும். சதுர அடிக் கணக்கில் பார்த்தால், மரச் சட்டமும் கண்ணாடியும் கம்பியும் சேர்ந்த ஒரு சன்னல், அது நிற்கும் இடத்திற்கு வேண்டிய வெறும் சுவரைப்போல் பத்து மடங்குவரை செலவு பிடிக்கும் என்று பேக்கர் எழுதியிருக்கிறார். சல்லடைச் சுவரிலோ செங்கல் மிச்சமாகிறது. மரம் முற்றும் மிச்சமாகிறது. திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊரில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு மிகுதியில்லை. ஆகவே தடித்த சுவர் இரவுக் குளிரைச் சேமித்துப் பகலில் தரும் என்று எதிர்பார்க்க இயலாது. அங்கு உடலுக்கு இதம் தருவன நிழலும் ஓயாத காற்றுமே. வியர்வை உலரக் காற்று வேண்டும். சல்லடைச் சுவர் வெயிலை வடித்து ஒளியாக்கி, காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. நண்பகலில் அத்தகைய தாழ்வாரம் ஒன்றில் நாம் நின்றபோது, தரையில் சிறு சிறு சதுரங்களாக ஒளி விழுந்திருந்தது. சட்டை முதுகில் ஒட்டவில்லை.

மேல்தளத்தின் அமைப்பு இன்னும் நுட்பமானது. கான்கிரீட்டுத் தளத்தின்மேல் பாரம் ஏறும்போது மேற்பகுதி அழுத்தப்படும், கீழ்ப்பகுதி இழுபடும். அழுத்தத்தைத் தாங்கக் கான்கிரீட் வல்லது. இழுப்பைத் தாங்குவது கம்பியே. அப்படியாயின் கீழ்ப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா கிடக்கும் பாரமே அன்றோ? அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து, மேலே கான்கிரீட் வார்த்தார் பேக்கர். கான்கிரீட் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தளத்தின் எடை குறைவதால் கம்பியும் குறைகிறது. ஓடுகளுக்கு இடையே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கிறது. 1865-இல் பேசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய நாள்தொட்டு மேற்குக் கடற்கரையெங்கும் பரவிய ஓடு அது. கூரை மாற்றுவோர் கழித்துப் போடும் ஓடும் இதற்குப் போதும்.

சிமெண்டு குறைவதால் பணம் மட்டும் மிச்சமாவதில்லை. சுண்ணாம்புக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்து ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால்தான் சிமெண்டு பிறக்கும். அதற்கு எரியும் நிலக்கரி ஒருபுறம். சுடும்போது அக்கல்லே கரியமில வாயுவை வெளிவிடுவது மறுபுறம். உலகில் மனிதச் செயலால் வெளிப்படும் அவ்வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது என இன்று கணக்கிடுகின்றனர். 1971-இல் எவரும் இக்கணக்கைப் போடவில்லை. பேக்கர் போட்ட கணக்கு, தேவையில்லாத பொருளைப் போடாதே என்பதொன்றே.

வளாகத்தில் பின்னர்க் கணிப்பொறிக் கூடம் வேண்டியிருந்தது. அக்காலத்துக் கணிப்பொறிகள் குளிர்சாதனமின்றி இயங்கா. குளிர்சாதனத்தை மறுத்துப் பேசாமல், அதன் வேலையைக் குறைக்க வழி கண்டார் பேக்கர். வெளியே வளைந்து வளைந்து செல்லும் சல்லடைச் சுவர். உள்ளே மூடிய மற்றொரு சுவர். இரண்டிற்கும் இடைப்பட்ட நிழலில் அலுவல் அறைகளும் பொருள் வைக்கும் இடங்களும் அமைந்தன. உள்ளிருக்கும் கூடத்தின் சுவரை நேர் வெயில் தொடுவதில்லை.

இவ்வளவும் படித்த அன்பர் ஒருவர் உள்ளத்தில் இப்போது ஒரு வினா எழுந்திருக்கும். அதனை நம் சங்கக் கூட்டமொன்றில் மூத்த உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். “ஆசிரியர் ஐயா, ஊர்க்காரங்க பள்ளிக்கூடம் பளபளன்னு நிக்கும், நம்ம பிள்ளைங்க விடுதிக்கு மட்டும் பூச்சு வேண்டாமா? மலிவு மலிவுன்னு எல்லாத்தையும் நமக்கே கொடுத்தா எப்படி?” என்றார். அவையில் எவரும் சிரிக்கவில்லை. வரலாறு அறிந்தோர் சிரிக்க மாட்டார்கள்.

கேரளத்தையே எடுத்துக்கொள்வோம். 1887-இல் வெளிவந்த மலபார் விவர நூலில் வில்லியம் லோகன் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். அங்கு வீடு என்னும் பொருளுக்கே சாதிதோறும் தனிப்பெயர். நம்பூதிரி வாழ்வது இல்லம் அல்லது மனை. அரசர் வாழ்வது கோவிலகம். நாயர் வாழ்வது வீடு. கம்மாளர் முதலியோர்க்குக் குடி அல்லது புரை. செருமர் வாழ்வது சாளை. பறையர் வாழ்வது சேரி. நால்வர் நான்கு சுவருக்குள் வாழ்ந்தாலும், ஒருவன் உறைவிடத்தின் பெயரைச் சொன்னாலே அவன் நிற்க வேண்டிய தூரம் தெரிந்துவிடும். கூரைக்கு ஓடு வேய்வதும் மேல்மாடி எழுப்புவதும் தாழ்த்தப்பட்டோர்க்குப் பல இடங்களில் மறுக்கப்பட்டிருந்தன. இதே திருவனந்தபுரத்தைச் சார்ந்த வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி அவர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் மக்களுக்காக ஒரு பள்ளி எழுப்பினார், அது கொளுத்தப்பட்டது. ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை அவர் சேர்க்கச் சென்றபோது அப்பள்ளியும் தீக்கிரையாயிற்று. நம் நாட்டிலோ 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நால்வர் எரிக்கப்பட்டனர். நம் மக்கள் ஒரு கான்கிரீட் கூரைக்காக ஏங்குவது ஆடம்பரத்தின்பால் கொண்ட ஆசை என்று எந்தப் பொறியாளராவது எண்ணினால், அவர் தீயை அறியாதவர்.

ஆகவே மூத்தவரின் வினா நேர்மையானது. அதற்குரிய விடையையும் நேர்மையாகவே தேடுதல் வேண்டும். பேக்கரின் சுவரும் தளமும் செங்கல், ஓடு, கம்பி, சிறிதளவு சிமெண்டு ஆகியவற்றால் ஆனவை; அவற்றில் தீப்பற்றும் பொருள் இல்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை பூசிய சுவருக்கும் பூசாத சுவருக்கும் வேறுபாடில்லை. மானத்தைப் பொறுத்தவரையோ, அந்தக் கட்டடத்தில் யார் அமர்ந்தனர் என்பதைப் பார்த்தல் வேண்டும். பூச்சற்ற அச்சுவர்களுக்குள் வேலை செய்தவர்கள் நாட்டின் தலைசிறந்த பொருளியல் அறிஞர்கள். ஏழைமை, வேலையின்மை ஆகியன பற்றிக் கேரளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்மையத்தார் செய்த ஆய்வு, 1975-இல் ஐக்கிய நாடுகள் அவையின் வெளியீடாக வந்து உலகெங்கும் பேசப்பட்டது. அவர்களுக்கு ஒருவிதமாகவும், அதே நகரின் செங்கல்சூளைச் சேரி மக்களுக்கும் பூந்துறை மீனவர்க்கும் வேறுவிதமாகவும் பேக்கர் கட்டவில்லை. செங்கல்லும் முறையும் ஒன்றே; பரப்பளவே வேறு. மலிவு என்பது ஏழைக்கென்று தனியே ஒதுக்கப்பட்டால்தான் அது இழிவு. அறிஞனும் அமைச்சனும் அதே சுவரில் சாய்வார்களாயின் அங்கு இழிவுக்கு இடமில்லை என்பது நம் கருத்து.

இன்னுமொன்று. அகமதாபாதிலுள்ள இந்திய மேலாண்மை நிறுவனத்தை 1960-களில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வரைந்தபோது, அங்கும் செங்கல் பூசாமலே விடப்பட்டது. பெருந்தொழில் நிர்வாகிகள் உருவாகும் அவ்விடத்தில் அதனைக் கலை என்று உலகம் போற்றிற்று. அதே செங்கல் நம் விடுதியில் நின்றால் ஏழைமை என்று தோன்றுமாயின், குறை செங்கல்லில் இல்லை.

ஆயினும் பேக்கரின் முறையைத் தேவவாக்காகக் கொள்ளுதல் தகாது. பூச்சு என்பது சுவருக்குச் சட்டை போன்றது. சட்டையில்லாதவன் தோல் உறுதியாயிருத்தல் வேண்டும். மேற்கூறிய அகமதாபாது வளாகத்து மாணவர் விடுதிகளில் செங்கல் அரித்துப் பொரிந்து போயிற்று. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் பெரும்பாலான விடுதிகளை இடித்துக் கட்டப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. உலகெங்குமிருந்து எதிர்ப்பு எழவே சில நாட்களில் அம்முடிவு கைவிடப்பட்டு, 2022 நவம்பரில் மீண்டும் எழுந்தது. செங்கல்லின் தரம் குறைவு என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கேரளத்துக் களிமண்ணில் நன்கு வெந்த கல் கிடைத்தது. நம் பக்கத்துச் சூளைகளில் வெளிவரிசையில் அரைவேக்காடாக இறங்கும் கல்லை வைத்துப் பூசாமல் விட்டால் மூன்றாம் மழைக்கே உதிரும். உப்பு ஏறும் நிலத்தில் இன்னும் விரைவில் உதிரும். அங்கெல்லாம் வெளிப்புறத்தேனும் பூசுவதே அறிவுடைமை. சல்லடைச் சுவர் கொசுவையும் காற்றோடு அழைத்து வரும். சாரல் மழையில் நூல்கள் நனையும். அகன்ற இறவாணம் இன்றி அதனைக் கட்டுவது வீண். உள்நாட்டு வறண்ட மாவட்டங்களில் பகற்காற்றே அனலாக வீசுவதால், அங்குத் துளையிட்ட சுவரினும் எலிப்பொறிக் கட்டும் ஓடு பதித்த தளமும் நிழல் தரும் மரமுமே மிகுந்த பயன் தரும். அன்றியும் செங்கல்லைச் சுடவும் விறகோ நிலக்கரியோ வேண்டும். சூளை மண்ணுக்காக நஞ்சை வயல்கள் பள்ளமாவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பேக்கர் பிற்காலத்தில் மண்சுவரை மிகுதியாகப் பரிந்துரைத்தமைக்கு இவ்வெண்ணமும் காரணமாகும்.

இம்முறை பரவாமைக்குத் தொழில்நுட்பக் குறை மட்டும் காரணமன்று. கட்டட மதிப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று ஊதியம் பெறும் ஏற்பாட்டில், செலவைக் குறைப்பவர் தம் ஊதியத்தையே குறைத்துக்கொள்கிறார். ஒப்பந்தக்காரர்க்குப் பூச்சும் வண்ணமும் ஆதாயம் தரும் இனங்கள். பேக்கரோ ஒப்பந்தக்காரரை ஒதுக்கிவிட்டு, கொத்தனார்களோடு நேரே வேலை செய்தார். பழைய காகிதத் துண்டுகளில் படம் வரைந்து, நாள்தோறும் வேலையிடத்தில் நின்று, கொத்தனார் கேட்கும் வினாவுக்கு அங்கேயே விடை சொல்லி, வேண்டுமாயின் வரைபடத்தை மாற்றினார். பூச்சுச் சுவரில் கொத்தனாரின் பிழை சாந்துக்குள் மறைந்துவிடும். அவருடைய திறமையும் மறைந்துவிடும். பூசாத சுவரில் இரண்டும் என்றைக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்த கை எத்தகையது என்பதை அவ்வளாகத்தில் நடந்து செல்லும் எந்த மாணவனும் காணலாம். மதராஸ் தளம் அடித்த பெண்களின் உழைப்பு சுண்ணாம்புக்குள் புதைந்ததைப்போல் இங்கு எதுவும் புதையவில்லை.

அச்சுத மேனனும் ராஜும் பேக்கரும் சேர்ந்து 1985-இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பை நிறுவினர். கொத்தனார்களையும் இளம் பொறியாளர்களையும் பயிற்றி, கேரளமெங்கும் அது வீடுகளும் பள்ளிகளும் கட்டி வருகிறது. பெண்களுக்கும் கொத்து வேலை கற்பித்தது. சித்தாள் என்று சாந்துச் சட்டி சுமந்தவர்களுட் சிலர் கரண்டி பிடித்தனர். எலிப்பொறிக் கட்டைப் புதிதாகக் கற்கும் கொத்தனார், முதலிரண்டு நாள் வேகம் குறைந்து கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். ஒரு வாரத்தில் கை பழகிவிடுமாம். நம் விடுதியின் மாடி வேலையை எடுக்கும் முன்னர், நம் தெருக் கொத்தனார் இருவரையும் கட்டடக் குழுவினர் மூவரையும் திருவனந்தபுரம் அனுப்பி அவ்வளாகத்தை ஒரு பகல் பார்த்துவரச் செய்தல் நலம் என்று சங்கத்திற்கு எழுதிக் கொடுத்துள்ளோம். அக்குழுவில் அந்த மூத்த உறுப்பினரும் இருத்தல் வேண்டும் என்று தனியே குறிப்பிட்டிருக்கிறோம்.